'இங்கேயே இருங்கள்' என்று சொன்னவள்

லாக்வுட் தெருப் பள்ளியில் வெர்னெட்டா ஹோக்குக்கு ஒரு மேசை உண்டு. அலுவலக அறையின் மூலையில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். அதில் அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. அவளுடைய வேலை வெளியே இருந்தது. மூன்று நாளாக வராத பிள்ளை எந்த வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிறது, எந்த வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள், எந்தத் தகப்பன் தனக்கு வாசிக்கத் தெரியாததை மறைக்கப் பள்ளியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கதவைத் தட்டுவாள், உள்ளே போவாள், சமையலறையில் உட்காருவாள். "புள்ள நாளைக்கு வந்துடணும், என்ன?" என்பாள். பிள்ளை மறுநாள் வந்துவிடும்.

வேலையின் பெயர் பெற்றோர் தொடர்பாளர். ஏழைப் பிள்ளைகள் நிறைய இருக்கும் பள்ளிகளுக்கு வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தில் ஒரு சிறு துண்டு அவள் சம்பளம். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அதே பள்ளியின் உணவுக்கூடத்தில் தட்டு நிரப்பினாள். அதற்கும் முன் அதே பள்ளியில் படித்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். கணவன் ஆல்டன் வார்ப்பு ஆலையில் முப்பது வருடம் உழைத்து, ஆலை மூடியதும், சின்ன வயதுப் பழக்கமான பெர்ச் மீன்பிடிப்பையே ஈரி ஏரியில் தொழிலாக்கிக்கொண்டவன். "ஒம் பொஞ்சாதி எங்க?" என்று யாராவது கேட்டால், "யார் வீட்டு அடுப்படியிலயாவது இருப்பா, போயி தட்டிப் பாரு" என்பான்.

2002-இல் ஜோஸ்லின் பெட்டிஃபோர்ட் அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தபோது வெர்னெட்டா அழுதாள். இருவரும் இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவர்கள். ஒரே வகுப்பு, ஒரே தேவாலயம், பாடகர் குழுவில் ஒரே வரிசை. ஜோஸ்லினுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, போகப் பணம் இல்லாமல் நின்ற கோடையில், தேவாலயப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் மீன் பொரித்து விற்றார்கள். பத்தொன்பது வயது வெர்னெட்டா கையில் எண்ணெய் தெறித்த தழும்புகளோடு ஆகஸ்ட் முடியும்வரை அடுப்படியில் நின்றாள். ஜோஸ்லின் படித்தாள், ஆசிரியரானாள், டாக்டர் பட்டம் வாங்கினாள், தான் படித்த பள்ளிக்கே தலைமையாசிரியராகத் திரும்பி வந்தாள். வாசலில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நம்ம பள்ளிக்கூடம்டி, வெர்னி," என்றாள்.

அந்த வருடக் குளிர்காலத்தில்தான் வாஷிங்டனில் புதிய சட்டம் வந்திருந்தது. ஏழைப் பிள்ளைகளின் பெயரால் பணம் வாங்கும் பள்ளிகள் எல்லாம் ஆண்டுதோறும் தேர்வு வைத்துத் தேர்ச்சி காட்ட வேண்டும். பள்ளி மொத்தமாகத் தேறினால் போதாது. கறுப்பினப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள், ஏழைகள், கற்பதில் சிரமப்படுகிறவர்கள் என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகத் தேர்ச்சிக்கான மதிப்பெண் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு பிரிவு தவறினாலும் முழுப் பள்ளியும் தவறியதாகத்தான் எழுதுவார்கள்.

ஆசிரியர்கள் அறையில் அந்தச் சட்டத்தை வையாதவர்கள் இல்லை. வெர்னெட்டாவுக்கு அது பிடித்திருந்தது. அவளுடைய தம்பி அந்தப் பள்ளியில் ஆறு வருடம் படித்து, வாசிக்கத் தெரியாமலே வெளியே போனவன். ஒவ்வொரு வருடமும் அவனை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இனிமேல் ஒரு பிள்ளையைப் பின்பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறந்துவிட முடியாது என்று அவள் நினைத்தாள். ஒருவன் வாசிக்கவில்லை என்றால் அதற்குப் பதில் சொல்ல யாராவது இருப்பார்கள்.

மூன்றாம் வருடம் பள்ளி தவறியது. நான்காம் வருடமும் தவறியது. இரண்டாவது முறை, மற்ற எல்லாப் பிரிவுகளும் தாண்டிவிட்டன. கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளில் நான்கு பேர் வாசிப்பில் கோட்டுக்குக் கீழே நின்றார்கள். அந்த நால்வருக்காகப் பள்ளியின் பெயர் பட்டியலில் ஏறியது.

2005 ஆகஸ்டில் ஒருநாள் ஜோஸ்லின் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"கதவச் சாத்திட்டு உக்காருடி."

மேசையில் கடிதங்களின் கட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. வெர்னெட்டா ஒன்றை எடுத்துப் படித்தாள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தரத்தை எட்டவில்லை, உங்கள் பிள்ளையைத் தரத்தை எட்டிய வேறொரு பள்ளிக்கு மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு, பேருந்து இலவசம், விரும்பினால் கீழேயுள்ள படிவத்தை நிரப்பித் தரவும்.

"இது என்னடி, நம்மளப் பத்தி நாமளே புகார் எழுதி வீட்டு வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி இருக்கு."

"சட்டம் அப்படி. அனுப்பலன்னா பணம் வராது."

"எந்தப் பள்ளிக்கூடம் இடம் வச்சிருக்கு?"

"நார்த் பிளஃப். ஆத்துக்கு அந்தப் பக்கம். நாப்பது இடம் இருக்காம்." ஜோஸ்லின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். "மொதல்ல யாரு போவாங்கன்னு நெனக்கிற? நல்லாப் படிக்கிற புள்ளைங்க. அவங்க போனா அடுத்த வருஷம் நம்ம மார்க்கு இன்னும் எறங்கும். பஸ்ஸுக்கு ஆகிற செலவும் நம்ம பங்குலேர்ந்துதான் எடுப்பாங்க. அப்புறம் சாயங்கால வாசிப்பு வகுப்பு கிடையாது. நீயும் இங்க இருக்க மாட்ட."

"நான் என்ன செய்யணும்?"

"போகாதீங்கன்னு சொல்லாத. அது தப்பு. இங்கயே இருங்கன்னு சொல்லு. அது தப்பில்ல."

வெர்னெட்டா கடிதத்தை மடித்தாள். "ஜோஸி, ஒண்ணு கேக்கிறேன். நான் போயி இருங்கன்னு சொன்னா, பள்ளிக்கூடம் இருக்கணும். மூடிட மாட்டாங்களே?"

"நான் இருக்கிற வரைக்கும் மூட விட மாட்டேன்."

"சத்தியமா?"

"ஒன்கிட்ட நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

யோசித்துப் பார்த்தாள். ஒருநாளும் இல்லை.

பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. வெர்னெட்டா நடந்தாள். அந்தக் கோடையில் வெயில் விடவே இல்லை. ஆல்டன் பழைய கைத்துண்டை நனைத்து அவள் கழுத்தில் போட்டு அனுப்புவான். சில வீடுகளில் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. சிலர் பிரித்துப் பயந்திருந்தார்கள். கார்வர் தெருவின் கடைசி வீட்டில் ஒரு தாத்தா, "தேறாத பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கே, நானும் அங்கதான் படிச்சேன், அப்ப நானும் தேறலையா?" என்று சிரித்தார். "நீங்க எந்தக் காலத்துல தேறினீங்க?" என்று வெர்னெட்டா கேட்டதும் அவர் மனைவி உள்ளேயிருந்து கைதட்டினாள். அந்த வீடு முடிந்தது. அப்படி ஒவ்வொரு வீடாக முடிந்தது.

ஷவோன் மேப்ரியின் வீட்டில்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஷவோன் முதியோர் இல்லத்தில் உதவியாளர். தனியாக ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஜலிசா நான்காம் வகுப்புக்குப் போகவேண்டியவள். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவள். மாவு டப்பாவின் பின்னால் எழுதியிருப்பதைக்கூட விட மாட்டாள். ஷவோன் படிவத்தைப் பேனாவால் நிரப்பிக் கையெழுத்தும் போட்டு, சமையலறை மேசையில் வைத்திருந்தாள்.

"மிஸ் வெர்னெட்டா, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"அப்ப எனக்குக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடு, கண்ணு. சொல்ற வேல மிச்சம்."

ஷவோன் சிரித்தாள், ஆனால் படிவத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "அங்க வயலின் கத்துத் தர்றாங்களாம். சயின்ஸுக்குத் தனி ரூம் இருக்காம். இங்க என்ன இருக்கு?"

"நான் இருக்கேன். மிசஸ் ஆடம்ஸ் டீச்சர் இருக்காங்க. அவளுக்கு எது புடிக்கும், எதுக்கு அழுவான்னு தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. அங்க போனா, தேறாத பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த புள்ளன்னுதான் பாப்பாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க."

"காலைல இருட்டோட எழுப்பணும். பஸ்ஸுல நாப்பது நிமிஷம். உனக்குக் காலை ஷிஃப்ட். அவ ஒத்தையா ரோட்டுல நிக்கணும்."

ஷவோன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். அந்தக் கவலை அவளுக்கும் இருந்தது என்று வெர்னெட்டாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அதைச் சொன்னாள்.

"உங்க புள்ளையா இருந்தா என்ன செய்வீங்க? நெஜத்தைச் சொல்லுங்க."

"இங்கயே வச்சிருப்பேன்."

"அடுத்த வருஷம் இதையும் மூடிட்டாங்கன்னா? ஊருல ஆலையெல்லாம் மூடினாங்கள்ல."

"மூட மாட்டாங்க. நான் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நான் சொல்றேன், ஷவோன்."

ஷவோன் படிவத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டாள். கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜலிசா, "அப்ப வயலின் இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

முன்னூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து மூன்றே பேர் மாறினார்கள். ஜோஸ்லின் ஆசிரியர் கூட்டத்தில் கேக் வெட்டி, வெர்னெட்டாவை எழுந்து நிற்கச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னெட்டாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று பேர் போனதுகூடத் தன்னுடைய குறை என்று நினைத்தாள்.

அந்த வருடம் பள்ளி வேறு மாதிரி ஆனது. பாட்டு வகுப்பின் நேரத்தை வாசிப்புக்குக் கொடுத்தார்கள். பிறகு வரலாற்றின் நேரத்தையும். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளை மூன்று நிறத்தில் பிரித்தார்கள். பச்சை, எப்படியும் தேறுகிறவர்கள். மஞ்சள், கொஞ்சம் தள்ளினால் தேறுகிறவர்கள். சிவப்பு, என்ன செய்தாலும் இந்த வருடம் தேறாதவர்கள். ஆசிரியர்களின் நேரம் முழுவதும் மஞ்சளுக்குப் போனது. சிவப்புப் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். பச்சைப் பிரிவுப் பிள்ளைகள் அவர்களுக்கு அடுத்த மேசையில், தாங்களே படித்துக்கொண்டார்கள். வெர்னெட்டா ஒருமுறை நான்காம் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தபோது, சிவப்பு மேசையில் ஒரு பையன் தலையைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தன் தம்பியின் ஞாபகம் வந்தது. ஜோஸ்லினிடம் போய்ச் சொன்னாள்.

"தெரியும்டி," என்றாள் ஜோஸ்லின், கணினியைப் பார்த்தபடியே. "பரீட்ச முடியட்டும்."

நவம்பரில் மளிகைக் கடையில் ஷவோன் அவளைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ் வெர்னெட்டா, எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல என்ன செய்றான்னு கேட்டேன். அந்த ஒரே பயிற்சித் தாளத்தான் திரும்பத் திரும்ப நிரப்புறேங்கிறா. அவளுக்குத் தெரிஞ்சதையே."

"பரீட்ச முடியட்டும், கண்ணு," என்றாள் வெர்னெட்டா. சொல்லி முடித்ததும் அது ஜோஸ்லினின் வார்த்தை என்பது அவளுக்கே உறைத்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம், காலை உணவின்போது ஆல்டன் செய்தித்தாளைத் தாழ்த்தினான்.

"வெர்னி, உன் பள்ளிக்கூடம் பேப்பர்ல வந்திருக்கு."

"என்ன, அதுக்குள்ள மார்க்கு போட்டுட்டாங்களா?"

"இல்ல. ஜூனோட மூடப்போறாங்களாம்."

அவள் செய்தித்தாளை வாங்கிப் படித்தாள். மாவட்டத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கட்டடம் பழையது, தரத்தை எட்டாத பள்ளி, மாவட்டப் பள்ளி வாரியத்தின் முன் தீர்மானம் வருகிறது. குளிர்காலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பூட்ஸின் நாடாகூடக் கட்டாமல் வெளியே போனாள்.

ஜோஸ்லின் அறையில் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நானும் காலைல பேப்பர்லதான்டி பாத்தேன்," என்றாள்.

வெர்னெட்டா அவளைக் கட்டிப்பிடித்து, முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "அழாத. வாரியக் கூட்டத்துக்கு ஊரையே கூட்டிட்டு வர்றேன். எப்படி மூடறாங்கன்னு பாத்துடலாம்."

"கூட்டம் போட்டு என்னடி ஆகப்போகுது? நீ ஒன் ஒடம்பப் பாத்துக்கோ."

துக்கத்தில் பேசுகிறாள் என்று வெர்னெட்டா நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் மறுபடி நடந்தாள். இந்த முறை பனியில். தேவாலயத்தின் இரண்டு வேன்களை ஏற்பாடு செய்தாள். கூட்டம் உயர்நிலைப் பள்ளியின் அரங்கத்தில் நடந்தது. அவள் கூட்டி வந்தவர்களே நூற்றெண்பது பேர். ஷவோனும் வந்திருந்தாள், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து எண் வாங்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். வெர்னெட்டாவுக்குப் பத்தொன்பதாம் எண். ஜோஸ்லின் மேடைக்குக் கீழே, அலுவலகத்தார் வரிசையில், மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளருக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியர் என்றால் அங்கேதான் உட்கார வேண்டியிருக்கும் என்று வெர்னெட்டா தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

வாசலில் ஒரு மேசையில் கூட்டத்தின் ஆவணங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தடித்த கட்டு, யாரும் எடுக்கவில்லை. வெர்னெட்டா ஒன்றை எடுத்து வந்திருந்தாள், பேசும்போது ஏதாவது எண்ணிக்கை உதவும் என்று. மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் மடியில் வைத்துப் புரட்டினாள். கட்டடத்தின் கூரை பற்றிப் பத்துப் பக்கம். பேருந்துத் தடங்கள். கடைசிப் பகுதியில், பள்ளிகளைச் சீரமைக்கும் குழுவின் பழைய கூட்டங்களின் குறிப்புகளை இணைத்திருந்தார்கள். முதல் கூட்டம் சென்ற வருடம் ஜூன் பதினான்காம் தேதி. வந்திருந்தவர்கள் பெயர்ப் பட்டியலில் நான்காவது பெயர் டாக்டர் ஜோஸ்லின் பெட்டிஃபோர்ட்.

கீழே இருந்ததை அவள் மூன்று முறை படித்தாள்.

லாக்வுட் தெருப் பள்ளியை ஒரு கல்வியாண்டு கழித்து மூடுவது என்று குழு ஒருமனதாக ஒத்துக்கொள்கிறது. அதுவரை அறிவிப்பு வேண்டாம். இலையுதிர்காலத்தில் வேறு பள்ளிக்கு மாறக் கேட்கும் பெற்றோர் எண்ணிக்கை குறைவாக இருப்பது மாவட்டத்துக்கு நல்லது. பேருந்துக்கு ஒதுக்கும் நிதி மிச்சமாகும். அந்தப் பகுதியில் மக்கள் நம்பும் ஊழியர் ஒருவர் இருக்கிறார், அவர் மூலம் இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் பெட்டிஃபோர்ட் தெரிவித்தார்.

ஜூன் பதினான்கு செவ்வாய்க்கிழமை. அதற்கு அடுத்த ஞாயிறு ஆல்டனின் பிறந்தநாள். ஜோஸ்லின் அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் உட்கார்ந்து, விரல் நக்கிக்கொண்டு, சுட்ட விலா இறைச்சி சாப்பிட்டாள். போகும்போது இரண்டு துண்டு கட்டி வாங்கிக்கொண்டும் போனாள்.

வெர்னெட்டாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. தன் பெயர்கூட அந்தத் தாளில் இல்லை என்பதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஊழியர் ஒருவர். நாற்பது வருடப் பழக்கம், அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

"பத்தொன்பது," என்று கூப்பிட்டார்கள்.

ஒலிவாங்கிக்கு எப்படி நடந்து போனாள் என்று பின்னால் அவளுக்கு நினைவில்லை. மேடையில் இருந்த ஏழு பேரைப் பார்த்துத்தான் எல்லோரும் பேசினார்கள். அவள் ஒலிவாங்கியைத் தாங்கியிலிருந்து கழற்றி, அரங்கத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பேச வச்சிருந்தது வேற," என்றாள். "அதை விட்டுடறேன். இந்தக் கட்டுல கடைசிப் பகுதியப் பாருங்க. போன ஜூனுலயே முடிவு பண்ணியிருக்காங்க. அப்புறந்தான் ஆகஸ்டுல நான் உங்க வீட்டுக்கெல்லாம் வந்தேன். இங்கயே இருங்கன்னு சொன்னேன். எனக்குத் தெரியாது. ஆனா தெரியாதுங்கிறது உங்களுக்கு எதுக்கு ஆகும்? நார்த் பிளஃப்ல அப்ப இடம் இருந்துது. இப்ப இல்ல. நான் வராம இருந்திருந்தா உங்கள்ல நாப்பது பேரு புள்ளைங்கள அங்க சேத்திருப்பீங்க. நான் உங்க அடுப்படியில உக்காந்து, உங்க தண்ணியக் குடிச்சிட்டு, அதக் கெடுத்தேன்."

வாரியத் தலைவர், "அம்மா, வாரியத்தைப் பாத்துப் பேசணும்," என்றார்.

"வாரியத்துகிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல," என்றாள் வெர்னெட்டா. ஒலிவாங்கியை இருந்த இடத்தில் மாட்டினாள். அவளுக்கு இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சமிருந்தது.

ஐந்துக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஜோஸ்லின் பின்னாலேயே வந்தாள். "வெர்னி. நில்லு. ஒரு நிமிஷம் நில்லுடி."

வெர்னெட்டா நின்றாள். ஆல்டன் வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான், இறங்கவில்லை.

"அந்த ரூம்ல நான் இல்லன்னா அந்த வருஷமே மூடியிருப்பாங்க. நான் மல்லுக்கட்டி ஒரு வருஷம் வாங்கினேன். அது எழுதியிருக்கா அதுல? எழுத மாட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போயிருப்பியா கதவத் தட்ட?"

"போயிருக்க மாட்டேன்."

"அதான்."

"ஒரு வருஷம் வாங்கினேன்னு சொல்றியே ஜோஸி, யாரு வருஷத்தக் குடுத்து வாங்கின? ஷவோன் பொண்ணு ஒரு வருஷமா தெரிஞ்சதையே எழுதிட்டு உக்காந்திருக்கா."

"என் மேல எவ்வளவு பாரம் இருந்துதுன்னு ஒனக்குத் தெரியாது. தேறாத பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்னு எம் பேரு போயிருந்தா, எனக்கு வேற எந்த எடமும் கெடைக்காது."

"உண்மையச் சொல்லிட்ட," என்றாள் வெர்னெட்டா. "இத மொதல்லயே சொல்லியிருந்தா, ஒனக்காகப் போயிருப்பேனோ என்னமோ. ஒனக்காகன்னு தெரிஞ்சு போயிருப்பேன். புள்ளைங்களுக்காகன்னு சொல்லி அனுப்பிட்டியேடி."

ஜோஸ்லின் அவள் கையைப் பிடிக்க வந்தாள். வெர்னெட்டா கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். வீட்டு வாசலில் ஆல்டன், "அவ படிப்புக்குப் பொரிச்ச மீனுல பாதி நான் புடிச்சது," என்றான்.

ஜூனில் பள்ளி மூடியது. பிள்ளைகளை மூன்று பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அவற்றில் இரண்டு ஏற்கெனவே தரத்தை எட்டாத பட்டியலில் இருந்தன. இன்னொரு செய்தியும் ஜூலையில் வந்தது. அந்த வசந்தகாலத் தேர்வில் லாக்வுட் தெருப் பள்ளி எல்லாப் பிரிவிலும் தேறியிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய கடிதம் எந்த வீட்டுக்கும் போகவில்லை, பள்ளியே இல்லையே.

ஜோஸ்லின் மாவட்ட அலுவலகத்துக்கு உயர்ந்தாள். எல்லாப் பள்ளிகளும் தரத்தை எட்டுகின்றனவா என்று பார்க்கும் பிரிவுக்கு அவள்தான் இயக்குநர். அங்கிருந்து வெர்னெட்டாவுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறொரு பள்ளியில் அதே வேலை, சம்பளம் கொஞ்சம் கூடுதல். ஆல்டன் வாசித்துப் பார்த்துவிட்டு, "எடுத்துக்க. உனக்குச் சேர வேண்டியதுதானே," என்றான்.

"கதவத் தட்டினா என்ன சொல்லுவேன்?"

அவன் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தான். அவள் கடிதத்துக்குப் பதில் எழுதவே இல்லை.

பாடகர் குழுவில் ஜோஸ்லினும் அவளும் ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்தில். முதல் ஞாயிறு வெர்னெட்டா போய் நின்றாள். ஜோஸ்லினின் குரல் காதோரத்தில் கேட்டபோது பாடுவதை நிறுத்தினாள். பாட்டின் நடுவில் இறங்கி வந்து, ஆல்டன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு குழுவில் பாடவில்லை. ஜோஸ்லின் மூன்று முறை வீட்டுக்கு வந்தாள். மூன்று முறையும் ஆல்டன்தான் கதவைத் திறந்து, "தூங்குறா" என்றான். நான்காவது முறை அவள் வரவில்லை.

செப்டம்பரில் வெர்னெட்டாவுக்கு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. ஷவோன் வேலை பார்க்கும் இல்லம்தான். ஷவோன் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்துதான் சேர்ந்தாள். வேறு வேலையும் இல்லை. எட்டு மாதம் ஷவோன் அவளிடம் பேசவில்லை. தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள், காலித் தட்டுகளை இறக்குவாள், போய்விடுவாள். வெர்னெட்டாவும் வலியப் போய்ப் பேசவில்லை. பேசினால் அது தனக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

ஒருநாள் மதியம், ஷவோன் தட்டுகளை இறக்கிவிட்டு அங்கேயே நின்றாள்.

"நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும், மிஸ் வெர்னெட்டா. அன்னிக்கு மைக்குல சொன்னீங்க, கேட்டேன்."

"ம்."

"ஆனா நான் ஸ்கூல நம்பி இருக்கல. அந்த ஹெட்மாஸ்டரம்மாவ நம்பி இருக்கல. உங்கள நம்பி இருந்தேன். அதனால உங்க மேலதான் கோவம் வருது. என்னால வேற யார் மேலயும் கோவப்பட முடியல."

"சரி," என்றாள் வெர்னெட்டா. "எம் மேலயே படு."

"ஜலிசா நல்லாத்தான் இருக்கா. புதுப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் மாறிக்கிட்டே இருக்காங்க. அவளா படிச்சுக்கிறா." ஷவோன் வண்டியைத் திருப்பினாள். "நாளைக்கு ஏழாம் நம்பர் ரூமுக்கு உப்பு இல்லாம அனுப்புங்க. டாக்டர் சொல்லியிருக்கார்."

அதிலிருந்து இருவரும் வேலை பற்றி மட்டும் பேசினார்கள்.

2010-இல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அவர்கள் வாழும் தெற்குப் பகுதியில் படிவத்தை நிரப்பி அனுப்புகிறவர்கள் குறைவு என்று, வீடு வீடாகப் போய்ப் பேச உள்ளூர் ஆள் ஒருவரைத் தேடினார்கள். பாஸ்டர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெர்னெட்டாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஆள் கணக்கில் வந்தால்தான் ஊருக்குப் பணம் வரும், பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரோட்டுக்கும் எல்லாம் அதுதான் என்று விளக்கினார்.

"வேற யாரையாவது பாருங்க, பாஸ்டர்."

"சிஸ்டர் ஹோக், உங்கள மாதிரி யாரு இருக்கா? நீங்க போனா கதவத் திறப்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"அதனாலதான் வேணாங்கிறேன்," என்றாள் வெர்னெட்டா.

கடைசியில் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நல்ல பெண், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, பணிவாகப் பேசினாள். பாதி வீடுகளில் யாரும் கதவைத் திறக்கவில்லை. வெர்னெட்டா திறந்து அவளை உள்ளே உட்காரவைத்து, காப்பி கொடுத்தாள். தன் வீட்டில் இரண்டு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, அவர்களையே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.